பத்து நாள் ஊருக்குப் போகிறோம், பூனையை எங்கே விடுவது?

திருநெல்வேலியில் நாத்தனார் மகளுக்குக் கார்த்திகை மாதம் கல்யாணம். பந்தக்கால் நடுவதில் தொடங்கி மறுவீடு, குலதெய்வக் கோயில் வரை எல்லாம் சேர்த்துப் பதினொரு நாள் நாங்கள் சென்னையில் இருக்கமாட்டோம். பத்திரிகை வந்த அன்று இரவே வீட்டில் பேச்சு எழுந்தது: வெல்லத்தை என்ன செய்வது?

வெல்லம் எங்கள் பூனை. ஐந்து வயதுக் கடுவன், கருத்தடை செய்தவன், ஐந்தரைக் கிலோ. மழைநீர் வடிகாலிலிருந்து என் கணவர் எடுத்துவந்தபோது ஒரு மெதுவடை அளவுதான் இருந்தான். இப்போது மடியில் படுத்தால் பத்து நிமிடத்தில் கால் மரத்துப்போகிறது.

இதற்கு முன் இரண்டு முறை அவனை விட்டுவிட்டு நீண்ட பயணம் போயிருக்கிறோம். ஒரு முறை பூனைகளைக் காசுக்குப் பார்த்துக்கொள்ளும் விடுதியில் விட்டோம், மறுமுறை வீட்டிலேயே விட்டோம். இரண்டு முறையும் சூடுபட்டோம். அதனால் இந்தத் தடவை ஐந்து இடங்களுக்கு நேரில் போய்ப் பார்த்தேன், இன்னும் ஏழெட்டுப் பேரிடம் தொலைபேசியில் விசாரித்தேன், மூன்று வாரம் மதில்மேல் பூனையாக உட்கார்ந்திருந்தேன். முடிவுக்கு வந்த வழியை எழுதிவைக்கிறேன். என் பூனைக்குப் பொருந்துவது உங்கள் பூனைக்குப் பொருந்தாமல் போகலாம். எந்த இடத்தில் வழி பிரிகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில், உடனே கழித்துவிட்ட இரண்டு யோசனைகள்.

கூடவே அழைத்துப் போகலாமே என்றார்கள். ரயில்வே விதிப்படி, முதல் வகுப்பு ஏசியில் கூபே அல்லது கேபின் என்னும் தனி அறை ஒன்று முழுவதையும் நாமே எடுத்துக்கொண்டால்தான் பூனை நம்மோடு வரலாம். இரண்டடுக்கு, மூன்றடுக்கு ஏசியிலும் தூங்கும் வகுப்பிலும் அதற்கு இடமில்லை. இல்லாவிட்டால் கார்டு வேனில் உள்ள கூண்டுதான். சரி, பணம் கொடுத்து கூபே எடுத்தோம் என்றே வைத்துக்கொள்வோம். போய் இறங்குவது கல்யாண வீடு. நாதஸ்வரம், வெடி, நாற்பது உறவினர், யாரும் சாத்தாத கொல்லைக் கதவு. அரை மணி நேரத்தில் அவன் ஓட்டுக்கூரை ஏறியிருப்பான். பழகாத ஊரில் தொலைந்த பூனை வழி கண்டுபிடித்து வருவது அபூர்வம்.

இரண்டாவது யோசனை, தாம்பரத்தில் இருக்கும் என் அக்கா வீடு. அக்காவின் அன்பில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த அன்புதான் பயம். பூனை என்றால் அவளுக்குப் பால். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றோட்டம் வந்துவிடும். அதுகூடப் பரவாயில்லை. பூனை சோர்ந்து படுத்திருந்தால் "கால் மாத்திரை கொடுத்துப் பார்ப்போமே" என்று தோன்றக்கூடிய கை அவளுடையது. காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாரசிட்டமால் பூனைக்குக் கொடிய நஞ்சு. ஒரே மாத்திரை உயிரை வாங்கிவிடும். உறவினர் வீட்டில் விடுகிறவர்கள் வேறு எதைச் சொல்ல மறந்தாலும், மனித மருந்து எதுவும் கூடாது என்பதை எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

மிச்சம் இருப்பவை இரண்டு: வீட்டிலேயே விட்டு ஓர் ஆளை வந்து பார்க்கச் சொல்வது, அல்லது விடுதி.

எதிர் வீட்டுப் பாட்டியும் மணல் தட்டும்

நாய் ஆளைப் பற்றிக்கொண்டு வாழும், பூனை இடத்தைப் பற்றிக்கொண்டு வாழும் என்று பெரியவர்கள் சொல்வதில் நிறைய உண்மை உண்டு. சோபாவின் மூலை, அலமாரியின் மேல்தட்டு, கதவு நிலை என்று கன்னத்தைத் தேய்த்துத் தேய்த்து அது தன் வாசனையைப் பூசிவைத்திருக்கும் வீடு அதற்கு ஒரு கோட்டை. அந்த வகையில் வீட்டிலேயே விடுவதற்கு ஈடான வழி வேறு இல்லை. நோய் தொற்றாது, கேரியர் கூடையில் அடைத்து ஆட்டோவில் கொண்டுபோக வேண்டியதில்லை, பக்கத்துக் கூண்டில் எவன் சீறுகிறான் என்ற கவலையும் கிடையாது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் மாமனார், மாமியாரைக் கூட்டிக்கொண்டு காசிக்குப் போனபோது அப்படித்தான் செய்தோம். வந்து பார்த்துக்கொண்டவர் எதிர் வீட்டுப் பாட்டி. பூனை குறுக்கே போய்விட்டால் திரும்பிவந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்படுகிற மனுஷி. வெல்லத்தைத் தொடவே மாட்டார். "சோறு வைக்கிறேன், தட்டை அள்ளுகிறேன். கொஞ்சுவதெல்லாம் நீங்கள் வந்து செய்துகொள்ளுங்கள்" என்று நிபந்தனை போட்டுத்தான் சாவியை வாங்கினார்.

பூனை மலசலம் கழிக்க வீட்டுக்குள் வைக்கும் தட்டில் நாங்கள் பயன்படுத்துவது ஈரம் பட்டால் உருண்டையாகக் கட்டிக்கொள்ளும் பெண்டோனைட் என்ற களிமண் மணல். ஓர் உருண்டை என்றால் ஒரு முறை சிறுநீர் கழித்திருக்கிறான் என்று அர்த்தம். இதை ஒரே ஒரு தடவை விளக்கினேன். பாட்டி வற்றல் எண்ணுவதைப் போல அதை எண்ணத் தொடங்கிவிட்டார். தினமும் காலையும் மாலையும் தொலைபேசி வரும். "இன்றைக்கு மொத்தம் மூன்று. ஒன்று பெரிசு." காசியில் கங்கை ஆரத்தி நடந்துகொண்டிருக்க, நான் படித்துறையில் நின்று இந்தக் கணக்கைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் காலையில் குரல் மாறியிருந்தது. "நேற்றுச் சாயங்காலத்திலிருந்து ஒன்றுமே இல்லை. தட்டில் போய்ப் போய் உட்காருகிறான், முக்குகிறான், இறங்கிவிடுகிறான்."

ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் நுனியில் மிகவும் குறுகலானது. மனக்கலக்கத்தாலேயே சிறுநீர்ப்பை அழற்சி கண்டு, அந்தக் குழாய் அடைத்துக்கொள்வது உண்டு. அடைத்தால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இரண்டு மூன்று நாளில் இதயம் நின்றுவிடும். கருத்தடை செய்த, உடல் பெருத்த, வீட்டுக்குள்ளேயே இருக்கும் கடுவன்களுக்கு இது அதிகம் வருகிறது. எங்கள் வீட்டுத் துரைக்கு இந்த மூன்று பட்டமும் உண்டு. கணவரின் நண்பர் அவனை ஆட்டோவில் போட்டுக்கொண்டு வேப்பேரிக்கு ஓடினார். 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அங்கேதான் இருக்கிறது. குழாய் செருகி அடைப்பை எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டான்.

அன்றிலிருந்து யார் என்ன யோசனை சொன்னாலும் என் மனத்தில் முதலில் எழுகிற கேள்வி ஒன்றுதான்: அங்கே தட்டைப் பார்க்கும் ஆள் யார்? பூனை தன் நோயை முகத்தில் காட்டாது. வலித்தாலும் மூலையில் போய்ச் சுருண்டுகொள்ளும். அதற்கு உடம்பு சரியில்லை என்பதை முதலில் சொல்வது மணல் தட்டும் சாப்பாட்டுக் கிண்ணமும்தான். கிண்ணத்தின் கணக்கும் முக்கியம். குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தால், உடம்பிலுள்ள கொழுப்பெல்லாம் ஈரலில் போய்ச் சேர்ந்து ஈரல் கெட்டுவிடும். நாமானால் அத்தனை நாளை விரதம் என்று சொல்லிச் சமாளித்துவிடுவோம்.

பாட்டி இப்போது கோயம்புத்தூரில் மகன் வீட்டோடு போய்விட்டார். இந்தக் கட்டுரைக்கே அதுதான் காரணம்.

பாட்டி இருந்த இடத்தில் காசுக்கு வரும் ஆளை வைக்க முடியுமா என்று பார்த்தேன். ஒரு முறை வந்துபோக 350 ரூபாய் கேட்டார்கள், காலை மாலை என்றால் நாளொன்றுக்கு 700. வந்த இளைஞர் நல்லவர், பூனைகளிடம் பழகத் தெரிந்தவர். ஆனால் குரோம்பேட்டையிலிருந்து வர வேண்டும், ஒரு நாளில் ஆறு வீடு பார்க்கிறார், ஒரு வீட்டில் இருபது நிமிடம். நாங்கள் ஊரில் இல்லாதபோது வீட்டுச் சாவியைக் கொடுப்பது பற்றிக் கணவர் முணுமுணுத்தார். எனக்கு அதைவிட மழையைப் பற்றித்தான் கவலை. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் படகு ஓடியது. அந்த மாதிரி ஒரு நாளில் குரோம்பேட்டையிலிருந்து யாரும் என் வீட்டுக்கு வரப்போவதில்லை. வீட்டில் விடுவதென்றால் பார்த்துக்கொள்கிற ஆள் நடந்துவரும் தூரத்தில் இருக்க வேண்டும், மழைக்காலத்தில் அதே தெருவில். அப்படி ஒருவர் உங்களுக்கு இருந்தால், அவர் உருண்டையை எண்ணத் தயார் என்றால், இதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை.

முதல் நான்கு நாள்

விடுதியைப் பற்றிப் பேசும் முன் ஓர் ஆய்வைச் சொல்லவேண்டும். என் முடிவைத் திருப்பியது அதுதான். கெஸ்லர், டர்னர் என்ற இருவர், பூனை விடுதியில் விடப்பட்ட 140 பூனைகளை இரண்டு வாரம் கவனித்து 1997-இல் வெளியிட்டார்கள். வந்து சேர்ந்தபோது இருந்த பதற்றம் முதல் நான்கு நாளில் வேகமாகக் குறைகிறது, அதன்பின் மெல்ல மெல்ல இறங்குகிறது. இரண்டு வாரத்துக்குள் சுமார் மூன்றில் இரண்டு பங்குப் பூனைகள் நன்றாகப் பழகிவிட்டன. நூற்றுக்கு நான்கு பூனைகளுக்கு மட்டும் பதற்றம் கடைசிவரை தணியவே இல்லை. அவற்றை விடுதியில் விடாமல் இருப்பதே நல்லது என்கிறார்கள்.

இதை வைத்து நான் போட்ட கணக்கு இது. சனி, ஞாயிறு இரண்டு நாளுக்கு விடுதியில் விடுவது வீண் கொடுமை. மிக மோசமான நாட்களை மட்டும் அதற்குக் கொடுத்து, பழகத் தொடங்கும் நேரத்தில் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். மூன்று நான்கு நாள் பயணம் என்றால் வீடே மேல், வருகிற ஆள் சுமாராக இருந்தாலும். ஒரு வாரத்தைத் தாண்டினால் தராசு விடுதிப் பக்கம் சாய்கிறது. வேளைக்கு இருபது நிமிடம் மட்டும் மனித முகம் பார்க்கும் பதினொரு நாளைவிட, நான்கு நாள் கலங்கி ஏழு நாள் நிம்மதியாக இருப்பது தேவலை. பொதுவாகப் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். இரண்டு நாளுக்கு விடுதி, இரண்டு வாரத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர்.

உங்கள் பூனை அந்த நான்கு சதவீதத்தில் ஒன்றா என்பது உங்களுக்கே தெரியும். விருந்தாளி வந்துபோன பிறகும் ஒரு நாள் முழுக்கக் கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கும் பூனையை நான் விடுதிக்கு அனுப்பமாட்டேன். வெல்லம் அப்படியில்லை. வந்தவரின் செருப்பை முகர்ந்து பார்த்துவிட்டு அதன்மேலேயே படுப்பவன்.

விடுதிகளில் பார்த்தவை

நாய்களையும் பூனைகளையும் சேர்த்து வைக்கும் இடம் ஒன்றுக்குப் போனேன். நாளுக்கு 500 ரூபாய். பூனைகளுக்குத் தனி அறைதான், சுவருக்கு அந்தப் பக்கம் லாப்ரடார் ஒன்று விடாமல் குரைத்துக்கொண்டிருந்தது. உள்ளே இருந்த மூன்று பூனைகளும் காதைப் பின்னால் மடக்கி, தட்டுக்குள்ளேயே ஒடுங்கிக் கிடந்தன. இன்னொரு ஆபத்தும் உண்டு. நாயின் கழுத்தில் விடும் தெள்ளுப்பூச்சி மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். நாய்க்கு ஒன்றும் செய்யாது, பூனைக்கு வலிப்பு வந்து சாகும். இரண்டையும் ஒரே கையால் கவனிக்கிற இடத்தில் ஒரு கைப்பிழை போதும். ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன்.

கால்நடை மருத்துவமனையிலேயே விடுவதைப் பலர் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். நோயுற்ற விலங்குகள் வந்துபோகிற இடத்தில் நோயில்லாத பூனையை எஃகுக் கூண்டில் பதினொரு நாள் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இரவில் அங்கே ஆள் இருக்கிறார்களா என்று கேட்டேன். ஒன்பது மணிக்குப் பூட்டிவிடுவார்களாம். ஆனால் தினம் இரண்டு வேளை இன்சுலின் போட்டாக வேண்டிய பூனை, சிறுநீரகக் கோளாறுள்ள கிழட்டுப் பூனை என்றால் வேறு கதை. அவற்றுக்கு மருத்துவமனைதான் சரி, இரவு ஆள் உள்ள மருத்துவமனையாகப் பார்த்து.

இனி, எனக்குச் சொல்ல அதிகம் இருக்கும் இடம். பூனைகளுக்கு மட்டுமான விடுதிகள் இரண்டு விதம். ஒன்றில் ஒவ்வொரு பூனைக்கும் தனித்தனி அறை அல்லது பெரிய தடுப்பு. மற்றொன்று "கூண்டே இல்லை, எல்லோரும் சுதந்திரமாக ஓடி விளையாடலாம்" என்ற வகை. ஒரு கூடம், ஏறி விளையாடப் பலகைகள், பத்துப் பன்னிரண்டு பூனைகள். படம் எடுத்தால் கண்கொள்ளாக் காட்சியாக இருக்கும். நாளுக்கு 600 ரூபாய் சொன்னார்கள், தனி அறை 800 ரூபாய். கூண்டு என்ற சொல்லே நமக்குப் பிடிப்பதில்லை. பிள்ளையை விடுதியில் அடைக்கிற மாதிரி ஒரு குற்ற உணர்வு. அதனால் நெஞ்சு தானாகக் கூடத்துப் பக்கம் சாய்கிறது, பணமும் மிச்சம்.

முதல் முறை நாங்களும் அப்படித்தான் விட்டோம். வெல்லத்துக்கு அப்போது இரண்டு வயது. தினமும் வாட்ஸ்அப்பில் படம் வந்தது: வெல்லம் பலகைமேல், வெல்லம் ஜன்னலோரம், வெல்லத்தைச் சுற்றி நான்கு நண்பர்கள். கூட்டிவந்த மூன்றாம் நாள் தும்மத் தொடங்கினான். அடுத்த நாள் ஒரு கண் பீளை கட்டி மூடிக்கொண்டது. மூக்கு அடைத்தால் பூனைக்கு வாசனை தெரியாது, வாசனை தெரியாவிட்டால் சாப்பிடாது. இரண்டு வாரம் ஆனது, அவன் மீள. அந்த விடுதிக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. தங்களிடம் எந்தப் பூனையும் தும்மவில்லை என்றார்கள். அது பொய்யாகவும் இருக்காது.

பூனைகளின் சளிக்குக் காரணமாகும் ஹெர்பிஸ் வைரஸ் ஒரு முறை உடம்பில் புகுந்தால் ஆயுளுக்கும் உள்ளேயே பதுங்கியிருக்கும். பார்க்க நன்றாக இருக்கும் பூனை பழகாத இடத்தில் கலங்கும்போது அது மறுபடி கிளம்பும். அதுவும் உடனே அல்ல. ஏறக்குறைய ஒரு வாரம் கழித்து வைரஸ் வெளியேறத் தொடங்கி ஒன்றிரண்டு வாரம் நீடிக்கும். ஆக, பத்து நாள் தங்கும் பூனைக்கு அடுத்தவனிடமிருந்து தொற்றினாலும் சரி, தனக்குள் இருந்ததே கிளம்பினாலும் சரி, அறிகுறி தெரிவது பெரும்பாலும் வீட்டுக்கு வந்த பிறகுதான். விடுதியில் யாரும் தும்மியிருக்கமாட்டார்கள். பூனைச் சளிக்கு இன்னொரு காரணமான கலிசி வைரஸும் இதே போல வெளியே தெரியாமல் சுமக்கப்படும் சங்கதி.

கூடத்தில் விடுவதில் இதைவிடப் பெரிய குறை ஒன்றை நான் பின்னால்தான் யோசித்தேன். அங்கே நான்கு தட்டு, பன்னிரண்டு பூனை. காலையில் அள்ளும்போது இருபது உருண்டை இருக்கும். எது யாருடையது? வெல்லம் அன்று சிறுநீர் கழித்தானா என்பதை அந்த வீட்டில் யாராலும் சொல்ல முடியாது. காசிப் பயணத்தின்போது அவன் அங்கே இருந்திருந்தால் ஏழாம் நாள் எங்களுக்கு வேறு விதமான தொலைபேசி வந்திருக்கும்.

பூனை விடுதிகளுக்கு நீண்ட வரலாறு உள்ள இங்கிலாந்தில் 1963-லேயே இதற்கு உரிமச் சட்டம் வந்துவிட்டது. 2018 அக்டோபர் முதல் புதிய விதிகள். உள்ளாட்சி அதிகாரிகள் வந்து பார்த்து ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை தருகிறார்கள். அங்கே வெவ்வேறு வீட்டுப் பூனைகளை ஒரே அறையில் வைக்கவே கூடாது. அறைகளுக்கு இடையில் 60 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும், இல்லையென்றால் தும்மல் துளி தாண்டாதபடி முழுத் தடுப்பு வேண்டும். சுதந்திரக் கூடம் நடத்துகிறவரிடம் இதைச் சொன்னேன். "நம்மூர் பூனைகள் அதையெல்லாம் தாங்கும் மேடம்" என்றார். தடுப்பூசி அட்டை கேட்கிறீர்களா என்றதற்கு, "வாய் வார்த்தை போதும், நம்பிக்கைதானே" என்று சிரித்தார்.

ஒரே வீட்டில் சேர்ந்து வளர்ந்த இரண்டு பூனைகளை ஒரே அறையில் விடலாம், விடவும் வேண்டும். என் எதிர்ப்பு முன்பின் தெரியாதவர்களைச் சேர்ப்பதற்குத்தான்.

மூக்கை நம்புங்கள்

ஆக, தனி அறை உள்ள விடுதி என்று முடிவாயிற்று. அப்படி இரண்டு இடங்கள் அமைந்தன. ஒன்று புதியது, பளபளவென்று இருந்தது. கதவைத் திறந்ததும் பினாயில் நெடி. நம் வீடுகளில் பினாயில் மணத்தால் சுத்தம் என்று பொருள்; பூனை விடுதியில் அது எச்சரிக்கை. பினால் வகைக் கிருமிநாசினிகளைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. தரையில் நடந்து, பாதத்தை நக்கி, அது உள்ளே போய்ச் சேரும். நீர்த்த ப்ளீச் போட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்ட பிறகு பூனையை விடும் இடமே நல்லது. ப்ளீச்சுக்கு இன்னொரு காரணமும் உண்டு: பூனைகளைக் கொத்துக்கொத்தாகக் கொல்லும் பான்லூகோபீனியா வைரஸ் மாதக்கணக்கில் தரையிலும் கூண்டிலும் உயிரோடு இருக்கும், சாதாரணச் சோப்புக்குச் சாகாது, ப்ளீச்சுக்குச் சாகும். அந்த வைரஸுக்கு எதிரான தடுப்பூசி ட்ரைகேட் என்ற கூட்டு ஊசியில் அடங்கும். ரேபிஸ் ஊசி தனி. இரண்டும் போட்டு அட்டையில் எழுதியிருக்கவேண்டும். விடுதிக்குக் கிளம்பும் முதல் நாள் ஓடிப்போய் ஊசி போடுவதில் பயனில்லை, குறைந்தது இரண்டு வாரம் முன்பே முடித்துவிடுங்கள்.

அதே பளபளப்பான இடத்தில், அடுத்த அறையில் தெருவிலிருந்து மீட்டுவந்த குட்டிகள் ஐந்து கத்திக்கொண்டிருந்தன. நடத்துகிற பெண்ணுக்கு அத்தனை ஈரமான மனம். கும்பிடலாம். ஆனால் ஊசி போடாத குட்டிகளைத் தொட்ட கையும் அந்த அறைக்குள் போய்வந்த செருப்பும் என் பூனையின் அறைக்கும் வரும் என்றால் நான் வேறு இடம் பார்ப்பேன். இதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை; நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

சென்னைக்கே உரிய சோதனைகள் இரண்டு. அறை எந்த மாடியில்? தரைத்தளம் என்றால் ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாம். மொட்டைமாடியில் தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ போட்ட கொட்டகை என்றால் சித்திரை, வைகாசியில் வேண்டாம். கத்திரி வெயிலில் ஏசி இருந்தாலும் மின்சாரம் போன இரண்டு மணி நேரத்தில் அது அடுப்பாகிவிடும். இன்வெர்ட்டர் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கேளுங்கள். ஏசி இருக்கிறது என்ற பதிலோடு திருப்தியடையாதீர்கள்.

கதவையும் பாருங்கள். வெளிக்கதவைத் திறந்தால் நேரே பூனை அறை வந்துவிடக் கூடாது, நடுவில் இன்னொரு கதவு வேண்டும். பீதியடைந்த பூனை கால் இடுக்கில் புகுந்து ஓட ஒரு நொடி போதும். கொசுவலை அடித்த ஜன்னல் பூனைக்கு ஜன்னலே இல்லை, நகத்தால் கிழித்துவிடும்.

நான் தேர்ந்தெடுத்த இடம் நங்கநல்லூரில் ஒரு வீட்டின் முதல் மாடி. பார்க்க ஒன்றும் விசேஷமில்லை. ஏழு அறைகள், ஒவ்வொன்றும் ஆள் நுழைந்து உட்காரும் அளவு, பக்கத்து அறைப் பூனை தெரியாதபடி பலகைத் தடுப்பு. ஒவ்வொரு அறையிலும் உயரமான ஒரு தட்டும் கவிழ்த்த அட்டைப்பெட்டி ஒன்றும். அந்த அட்டைப்பெட்டியைப் பார்த்ததுமே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. நெதர்லாந்தில் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தினர் காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில் சிலவற்றுக்கு ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்தும் சிலவற்றுக்குக் கொடுக்காமலும் பார்த்து 2014-இல் வெளியிட்டார்கள். பெட்டி கிடைத்தவை விரைவாகத் தெளிந்தன. முன்னூறு ரூபாய்க்குச் சிசிடிவி இணைப்பு தருகிற இடங்கள் காசில்லாத அட்டைப்பெட்டியை மறந்துவிடுகின்றன.

மீதி நம்பிக்கை ஒரு நோட்டுப் புத்தகத்தால் வந்தது. விடுதியை நடத்தும் அம்மாவிடம் வழக்கமான என் கேள்வியைக் கேட்டேன். பதில் சொல்லாமல் மேசையிலிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து விரித்தார். ஒவ்வொரு பூனைக்கும் ஒரு பக்கம். கோடு கிழித்து, காலை, மாலை, எவ்வளவு சாப்பிட்டது, சிறுநீர் எத்தனை, மலம் எப்படி. ஓரிடத்தில் சிவப்பு மையில், "நேற்று மாலை முதல் சாப்பிடவில்லை, டாக்டரிடம் பேசினேன்" என்று எழுதியிருந்தது. போன வருடம் இங்கே பூனை ஏதும் இறந்ததா என்றும் கேட்டேன். "ஒன்று. பதினாறு வயது. அவர்கள் சம்மதத்தோடுதான் வைத்திருந்தேன்" என்று உடனே சொன்னார். இந்தக் கேள்விக்கு மற்ற நான்கு இடங்களிலும் "சேச்சே" என்றார்கள்.

பதினொரு நாளுக்கு 8,800 ரூபாய். கூடத்தில் விட்டிருந்தால் 6,600, வீட்டுக்கு வந்து பார்க்கும் இளைஞர் என்றால் 7,700. முன்பு தும்மலுக்குச் செலவழித்ததை நினைத்தால் இந்த வித்தியாசம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பணம் நெருக்கடி என்றால் நான் பயணத்தின் நாளைக் குறைப்பேன், கூடத்துக்குப் போகமாட்டேன்.

நாங்கள் கொடுக்கும் பையில் வழக்கமாக அவன் தின்னும் உலர் தீவனம், வீட்டில் பயன்படுத்தும் அதே மணல், தடுப்பூசி அட்டையின் நகல், என் கணவரின் துவைக்காத பழைய வேட்டி. வேட்டியைத் துவைத்து மடித்துத் தர மாமியார் ஒரே பிடிவாதம். வீட்டு வாசனை போய்விடும் என்று விளக்கிப் பிடுங்கிக்கொண்டேன். கூடவே ஒரு கடிதம்: அவசரம் என்றால் எங்களைக் கேட்காமலே மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாம், இத்தனை ரூபாய் வரை செலவு செய்யலாம், பணத்துக்கு அக்காவின் எண். மலைக்கோயிலில் தொலைபேசி கிடைக்காமல் போனால் அனுமதிக்காக யாரும் காத்திருக்கக் கூடாது.

போன வாரம் ஒத்திகையாக இரண்டு இரவு விட்டுப் பார்த்தோம். மேலே சொன்ன நான்கு நாள் கணக்குப்படி இந்த இரண்டு நாளில் அவன் பழகிவிடுவான் என்று எதிர்பார்க்கவில்லை. சாப்பிடுகிறானா என்று மட்டும் தெரிந்துகொள்ள விரும்பினேன். முதல் இரவு ஒன்பதரை மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. வெல்லம் அதில் இல்லை. மணல் தட்டு இருந்தது, நடுவில் நெல்லிக்காய் அளவில் ஓர் உருண்டை. கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இதையா இப்படி உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறாய்?" என்றார். நான் அதைக் கோயம்புத்தூருக்கு அனுப்பிவைத்தேன். பாட்டியிடமிருந்து உடனே பதில்: "பெரிசுதான்."